ஊட்டச்சத்து இயலிலிருந்து மூலக்கூறு உயிரியலுக்கு வந்தேன். மூன்றாம் ஆண்டில் முடிவு கரைந்துபோனது

மூன்றாமாண்டு_மாணவி
செவ்வாய், இரவு 11.42

இளங்கலை, முதுகலை இரண்டும் எனக்கு ஊட்டச்சத்து இயல். முதுகலை ஆய்வுக்காக வீடு வீடாகப் போய், "நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதியவள். ஒரு கரண்டி என்றால் எந்தக் கரண்டி, தலைதட்டியதா குவித்ததா என்று நான் துருவித் துருவிக் கேட்டதில் சிலர் எரிச்சலில் எழுந்தே போய்விட்டார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, பாதியை மறந்திருந்தார்கள். அந்த மறதியின் மேல் எத்தனை கணக்குப் போட்டாலும் மனம் ஒப்பவில்லை. உடம்புக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று, முனைவர் பட்டத்துக்கு ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகு பட்ட பாடு தனி. கல்லீரல் துண்டை டிரைசால் என்ற, ஆர்.என்.ஏ பிரிக்கும் கரைசலில் அரைத்து, குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கிச் சுழலவிட்டால் குழாயில் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே நிறமில்லாத நீர், நடுவே வெள்ளைப் படலம், அடியில் இளஞ்சிவப்பு. ஆர்.என்.ஏ இருப்பது மேலடுக்கில். கடைசித் துளிவரை உறிஞ்சும் ஆசையில் ஒவ்வொரு முறையும் பிப்பெட் நுனியால் நடுப்படலத்தைத் தொட்டுவிடுவேன். ஆறு மாதம் நான் எடுத்தது எதுவும் சுத்தமாக வரவில்லை. "கால்வாசியை விட்டுவிடு, பேராசைப்படாதே" என்று பக்கத்து மேசை அக்கா சொன்ன பிறகுதான் கை பழகியது.

இப்போது பிரச்சினை. இரண்டு குழுச் சுண்டெலிகள். இரண்டுக்கும் கொழுப்பு மிகுந்த தீவனம். ஒன்றில் நார்ச்சத்தாக செல்லுலோஸ். மற்றதில் அதற்குப் பதில் இனுலின், அதாவது குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கக்கூடிய நார். 12 வாரம் கழித்துக் கல்லீரலில் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியின் மரபணுவை (ஃபாஸ்ன் என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம்) பி.சி.ஆரில் அளந்தேன் (மரபணுவின் ஆர்.என்.ஏவிலிருந்து நகலெடுத்து, சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, அது எவ்வளவு இருந்தது என்று பார்க்கும் முறை). இனுலின் குழுவில் சரிபாதியாகக் குறைந்திருந்தது. நெறியாளருக்கு மகிழ்ச்சி. மாநாட்டில் சுவரொட்டியும் வைத்துவிட்டோம். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது.

அப்போது அதே பக்கத்து மேசை அக்கா, "ஜிஏபிடிஎச் ஒன்றை மட்டுமா ஒப்பீட்டு மரபணுவாக வைத்திருக்கிறாய்? இன்னும் இரண்டு போட்டுப் பாரேன்" என்றார். (ஒப்பீட்டு மரபணு என்றால், எல்லா மாதிரியிலும் மாறாமல் இருக்கும் என்று நம்பி, மற்ற மரபணுக்களின் அளவை வகுக்க வைத்துக்கொள்வது.) போட்டேன். புதிய இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் குழுக்களுக்கு இடையே வேறுபாடே இல்லை.

நெறியாளர், "ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஜிஏபிடிஎச்தான் இருக்கிறது, நாமும் அதையே வைப்போம்" என்கிறார். எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. இந்த ஆய்வகத்தில் என்னை இன்னமும் "உணவுப் பட்டியல் போடுகிறவள்" என்றுதான் பார்க்கிறார்கள். பேசாமல் பழைய துறைக்கே திரும்பிவிடலாமா? இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பிப்பெட்_முனை
புதன், காலை 7.15

துறை மாறுவதைப் பிறகு பேசலாம். முதலில் சராசரி சிடி மதிப்புகளை, அதாவது ஒவ்வொரு மரபணுவும் கருவிக்குத் தெரிய எத்தனை சுழற்சி ஆனது என்ற எண்களை, அப்படியே போடுங்கள். மடங்குக் கணக்கு வேண்டாம், கச்சா எண்கள் வேண்டும்.

---

மூன்றாமாண்டு_மாணவி
புதன், காலை 8.02

செல்லுலோஸ் குழு: ஃபாஸ்ன் 24.1, ஜிஏபிடிஎச் 18.2, ஆர்பிஎல்பி0 (புதிய ஒப்பீட்டு மரபணுக்களில் ஒன்று) 17.5.
இனுலின் குழு: ஃபாஸ்ன் 24.1, ஜிஏபிடிஎச் 17.2, ஆர்பிஎல்பி0 17.5.
மூன்றாவதான டிபிபியும் ஆர்பிஎல்பி0 போலவே அசையாமல் இருக்கிறது.

---

பிப்பெட்_முனை
புதன், காலை 8.40

உங்கள் முடிவு இந்த ஆறு எண்ணிலேயே தெரிகிறது, அக்கறையோடு பாருங்கள். ஃபாஸ்ன் இரண்டு குழுவிலும் 24.1. அது எங்கேயும் போகவில்லை. அசைந்தது ஜிஏபிடிஎச், அதுவும் சரியாக ஒரு சுழற்சி. பி.சி.ஆரில் ஒரு சுழற்சி என்றால் இரண்டு மடங்கு; சிடி எண் குறைந்தால் அளவு கூடியது என்று பொருள். ஒப்பீட்டு மரபணு இரண்டு மடங்கு கூடினால், அதைக் கொண்டு வகுக்கிற எல்லாமே பாதியாகத் தெரியும். இந்தத் தட்டில் நீங்கள் வேறு எந்த மரபணுவை அளந்திருந்தாலும் அதுவும் "பாதியாகக் குறைந்தது" என்றே வந்திருக்கும். படிக்கட்டு உயர்ந்ததைப் பார்த்துவிட்டு ஆள் குள்ளமாகிவிட்டார் என்று எழுதிய கதை.

ஏன் உயர்ந்தது என்பதில்தான் சுவாரசியம். ஜிஏபிடிஎச் என்பது சும்மா நின்று அளவுகோல் பிடித்துக்கொண்டிருக்கும் மரபணு அல்ல. குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஆறாவது படியைச் செய்யும் நொதி. இன்சுலின் அதை ஏற்றும். உணவை மாற்றி, பட்டினி போட்டு, கல்லீரலைப் பார்க்கும் ஆய்வில் போய் அதை அசையாத புள்ளியாக வைப்பது சற்று வேடிக்கைதான். நெறியாளர் சொல்லும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உண்மைதான். ஆனால் 2009இல் வந்த, பி.சி.ஆர் அளவீடுகளை எப்படி வெளியிட வேண்டும் என்று சொல்லும் எம்.ஐ.க்யூ.இ வழிகாட்டுதல்கள், ஒப்பீட்டு மரபணு உங்கள் சோதனைச் சூழலில் அசையவில்லை என்று காட்டச் சொல்கின்றன. ஒன்றை மட்டும் நம்புவதாக இருந்தால் அதற்கு ஆதாரமும் கேட்கின்றன. நல்ல ஆய்விதழின் மதிப்பீட்டாளர் முதல் கேள்வியாக இதைத்தான் வைப்பார்.

ஒன்று கேட்கிறேன். எலிகளைக் கொன்று கல்லீரல் எடுத்த அன்று எந்தக் குழு முதலில், எது பிறகு? தீவனத்தை எப்போது எடுத்தீர்கள்?

---

ஐந்தாண்டு_முடித்தவன்
புதன், பகல் 1.20

பட்டம் வாங்கிவிட்டு ஆய்வுலகை விட்டே வெளியேறியவன் பேசுகிறேன், கசப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இதே போல் ஒரு நெறியாளர். "நன்றாக வந்ததை எழுது" என்பார். எழுதினேன். பிறகு வந்த மாணவர் அதே சோதனையை மூன்று முறை செய்தும் வரவில்லை. இரண்டு ஆண்டு அவருக்கு வீணானது. அவர் முகத்தை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடியாது.

நான் சொல்வது இதுதான்: ஆய்வகத்தை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உணவு நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. மாதச் சம்பளம், மாலை ஆறு மணிக்கு வீடு. எலியும் இல்லை.

---

மூன்றாமாண்டு_மாணவி
புதன், இரவு 9.55

@பிப்பெட்_முனை அண்ணா, குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

தீவனத்தை எடுத்தது முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு, எல்லாக் கூண்டிலும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இனுலின் குழுவில் தொடங்கினேன். அது எனக்கு முக்கியமான குழு, களைப்பு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். செல்லுலோஸ் குழுவைத் தொட்டபோது பகல் ஒன்றரை. கடைசி எலி முடிந்தது மூன்றே காலுக்கு.

அப்படியென்றால் ஒரு குழு ஏறத்தாழ 13 மணி நேரப் பட்டினி, இன்னொரு குழு 18, 19 மணி நேரப் பட்டினி. இல்லையா?

---

பிப்பெட்_முனை
புதன், இரவு 10.10

ஆம். அதுவும் சுண்டெலிக்கு. அது இரவில் சாப்பிடும் பிராணி. இரவு எட்டு மணிக்குத் தீவனத்தை எடுத்தால் அது இலையில் உட்காரும் நேரத்தில் இலையை உருவியதாகிவிடும். ஒரு இரவுப் பட்டினியிலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மனிதர்கள் இரவு சாப்பிட்டுவிட்டுக் காலையில் ரத்தம் கொடுப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. ஜிஏபிடிஎச் அசைந்ததற்கு இதுதான் காரணம் என்று இந்த எலிகளை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் நார்ச்சத்தின் விளைவையும் பட்டினி நேரத்தின் விளைவையும் உங்கள் சோதனை ஒன்றாகக் கட்டிவிட்டது, இனிப் பிரிக்க வழியில்லை.

நொந்துகொள்ளாதீர்கள். வரிசையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் எழுதுவதில்லை.

---

பழைய_நெறியாளர்
வியாழன், காலை 5.30

அம்மா, நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது, இதைப் படித்தேன்.

"உணவுப் பட்டியல் போடுகிறவள்" என்று சொல்கிறார்களாம். அவர்களுக்கு எய்க்மனின் கோழிகளைப் பற்றிச் சொல். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வகக் கோழிகளுக்குக் கால் தளர்ந்து நடக்க முடியாமல் போயிற்று. கிருமி பிடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். திடீரென்று கோழிகள் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, பிழைத்தன. எய்க்மன் அப்போதும் அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாகவே எண்ணினார். அவருக்குப் பின் அங்கே வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல், தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருள் குறைவதால் நோய் வருகிறது என்று சொன்னார். 1929இல் நோபல் பரிசு எய்க்மனுக்கும் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸுக்கும் போயிற்று. கிரைன்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சமையல்காரரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

உன் ஆய்வகத்தில் எலிக்கு என்ன தீவனம் போகிறது என்று யார் பார்க்கிறார்கள்? எதிர்ப்பொருள் வாங்கினால் தொகுதி எண்ணை எழுதி வைப்பார்கள். தீவனம் மூட்டையில் வரும், தீர்ந்தால் இன்னொரு மூட்டை. அந்த மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தாளை ஒரு முறை படித்துப் பார். நீ படித்த படிப்புக்கு அங்கே வேலை இருக்கிறது.

நெறியாளரிடம் போகும்போது தப்பு செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டு போகாதே. ஒரே தாளில் ஆறு எண்ணையும் எழுதி அவர் மேசையில் வை. வாதாடாதே. அவராகவே கழித்துப் பார்க்கட்டும். நானும் நெறியாளராக இருந்தவன்தான். மாணவர் பேச்சைக் காட்டிலும் மாணவர் கொண்டுவரும் தாள் எங்களைச் சீக்கிரம் அசைக்கும்.

---

புள்ளிவிவரக்_கிறுக்கன்
வியாழன், காலை 9.18

எத்தனை எலி? கூண்டுக்கு எத்தனை?

---

மூன்றாமாண்டு_மாணவி
வியாழன், காலை 9.31

குழுவுக்குப் பத்து. கூண்டுக்கு ஐந்து.

---

புள்ளிவிவரக்_கிறுக்கன்
வியாழன், காலை 9.36

அப்படியென்றால் குழுவுக்குப் பத்து இல்லை, இரண்டு. தீவனம் கூண்டுக்குத்தான் போகிறது, எலிக்குப் போகவில்லை. ஐந்து எலியும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்று, குடல் நுண்ணுயிரிகளைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. நார்ச்சத்து ஆய்வில் நுண்ணுயிரிதானே கதாநாயகன்? அதில் கூண்டை விட்டுவிட்டு எலியை எண்ணினால் கணக்கு உங்களை ஏமாற்றும்.

இன்னொன்று. "பட்டினி போட்டேன்" என்கிறீர்கள். படுக்கைத் தூளை மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் இரவெல்லாம் தூளில் சிந்திய தீவனத்தையும் எச்சத்தையும் பொறுக்கித் தின்றிருக்கும்.

---

ஐந்தாண்டு_முடித்தவன்
வியாழன், காலை 10.05

பார்த்தீர்களா? இதனால்தான் சொன்னேன், விட்டுவிடுங்கள் என்று.

---

களப்பணி_அக்கா
வியாழன், மாலை 4.47

தங்கைக்கு ஒரு மாற்றுக் கருத்து. எலியை விட்டு ஓடச் சொல்லவில்லை. ஆனால் மூலக்கூறு தெரிந்தால்தான் அறிவியல் என்ற நினைப்பை விட்டுவிடச் சொல்கிறேன்.

கருவில் நரம்புக்குழாய் மூடாமல் போகும் குறைபாட்டை எடுத்துக்கொள். ஏற்கெனவே அப்படி ஒரு கர்ப்பம் இருந்த பெண்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய சோதனை 1991இல் வெளியானது. 72 சதவீதம் தடுக்கப்பட்டது. ஃபோலேட் பாதையில் உள்ள எம்.டி.எச்.எஃப்.ஆர் நொதியின் புகழ்பெற்ற மரபணு வேறுபாடு விவரிக்கப்பட்டதே அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1995இல். எந்த மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியும்வரை காத்திருந்தால் எத்தனை குழந்தைகள்?

நீ கரண்டி அளவு கேட்டு எழுதியதைக் குறைவாகப் பேசாதே. மறதி ஒரு அளவுப் பிழை, அவ்வளவுதான். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

---

பிப்பெட்_முனை
வியாழன், மாலை 5.20

அக்கா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. மறுபாதிக்கு பீட்டா கரோட்டின். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கேள்வித்தாள் ஆய்வுகள் சொல்லின. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் அப்படியே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது.

---

களப்பணி_அக்கா
வியாழன், மாலை 5.52

அதே உதாரணத்தை நான் உங்களுக்கு எதிராகவும் திருப்பலாமே. அந்த மாத்திரையைக் கொடுக்கத் துணிச்சல் தந்தது கேள்வித்தாள் மட்டுமா? "ஆக்சிஜனேற்றத் தடுப்பி, ஆகவே செல்லைக் காக்கும்" என்று விளக்கம் சொன்னவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள்தானே? இரண்டு பக்கமும் ஏமாந்தது. ஏமாறாமல் நின்றது சீட்டுக் குலுக்கிப் பிரித்த அந்தச் சோதனை ஒன்றுதான்.

---

பழைய_நெறியாளர்
வெள்ளி, காலை 5.10

இருவரும் சண்டை போடுங்கள், கேட்க நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு சொல். வைட்டமின் ஏ என்று பிறகு பெயர் பெற்ற பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கோலமும் மார்கரீட் டேவிஸும் எலிகளை வைத்து 1913இல் அறிவித்தார்கள். அது ரெட்டினோயிக் அமிலமாக மாறி, செல் கருவில் உள்ள ஒரு ஏற்பியைப் பிடித்து மரபணுக்களை நேரடியாகத் திறக்கவும் மூடவும் செய்கிறது என்பது 1987இல்தான் துலங்கியது. 74 ஆண்டு. அதற்குப் பிறகுதான் குறைந்தாலும் கேடு, கர்ப்பத்தில் கூடினாலும் கேடு என்பதன் உள்விவரம் பிடிபட்டது. ஒரு உணவுப் பொருள் ஹார்மோன் போல மரபணுவோடு பேசும் என்று நான் மாணவனாக இருந்தபோது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

---

செல்_வளர்ப்பாளர்
வெள்ளி, பகல் 12.15

எலியை மட்டும் திட்டுகிறீர்கள், எங்கள் குப்பியையும் கொஞ்சம் திட்டுங்கள்.

நான் உயிர்வேதியியல் வழியாக வந்தவன். இரண்டு ஆண்டு கல்லீரல் செல்களில் ஃபோலேட் குறைபாடு பற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டச்சத்து படித்த ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். "இந்தச் செல்லுக்கு நீங்கள் போடும் ஊடகத்தில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. டி.எம்.இ.எம் (செல்களை வளர்க்க ஊற்றும் ஊட்டத் திரவத்தின் பெயர்) என்றோம், சிவப்பு நிறம் என்றோம். அவர் பட்டியலைத் தேடியெடுத்து வாசித்தார். லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். மனித ரத்தத்தில் இருப்பதைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. குளுக்கோஸ் மிகுந்த வகையில் டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். சாப்பிடாமல் இருக்கும் மனிதருக்கு அந்த அளவு வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நாங்கள் அதைச் "சாதாரண ஊடகம்" என்று அழைத்துவந்தோம். அதன் மேல் கன்றின் சீரம் வேறு 10 சதவீதம். அதில் என்னென்ன ஹார்மோன், எவ்வளவு வைட்டமின் என்பது கன்றுக்குத்தான் வெளிச்சம்.

தாவரப் பொருள்களைச் சோதிப்பவர்களும் இப்படித்தான். ஒரு பாலிஃபீனாலை 50 மைக்ரோமோலார் ஊற்றிப் புற்றுச்செல் செத்தது என்று எழுதுவார்கள். அதைச் சாப்பிட்டவர் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலார்கூட எட்டாது; எட்டுவதும் குடலும் கல்லீரலும் உருமாற்றிய வேறு பொருளாகத்தான் எட்டும்.

அந்தப் பெண் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். அவருக்கு இன்னும் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் படலத்தில் ஏற்றிக் கண்டறியும் முறை) ஒழுங்காக வருவதில்லை, படலத்தில் எப்போதும் ஒரு குமிழித் தடம் விழும். யாரும் அவரை உணவுப் பட்டியல் போடுகிறவர் என்று சொல்வதில்லை.

---

நள்ளிரவு
சனி, அதிகாலை 1.03

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் ஊட்டச்சத்து முதுகலை, இறுதி ஆண்டு. இதே போன்ற ஆய்வகத்தில் சேரலாமா என்று யோசிக்கிறேன். சேர்வதற்கு முன் என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்? பி.சி.ஆர் பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது.

---

பிப்பெட்_முனை
சனி, காலை 8.25

பி.சி.ஆரை அங்கே போய் ஒரு மாதத்தில் கற்கலாம். பயிற்சி வகுப்புப் பணத்தைச் சேமியுங்கள். மடக்கை, நீர்த்தல் கணக்கு, மோலார் கணக்கு மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். புள்ளியியலுக்கு ஏதாவது ஒரு கணினி மொழி, ஆர் போதும். சேரும் ஆய்வகத்தில், முன்பு படித்தவர்களின் குறிப்பேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் யோசியுங்கள்.

---

மூன்றாமாண்டு_மாணவி
சனி, காலை 9.40

நள்ளிரவு, நான் ஒன்று சேர்க்கிறேன். ஆய்வகக் கூட்டங்களில் முதல் ஆண்டு முழுக்க நான் வாயே திறக்கவில்லை. அவர்கள் பேசும் சுருக்கப் பெயர்களுக்குப் பயந்தேன். பாதிப் பெயர்கள் அவர்களுக்கும் புரியாமல்தான் பேசினார்கள் என்பது இரண்டாம் ஆண்டில் தெரிந்தது. கேட்டுவிடுங்கள்.

@பழைய_நெறியாளர் ஐயா, நீங்கள் சொன்னபடி மூட்டைத் தாளைப் படித்தேன். என் இரண்டு தீவனமும் சரியாக இருக்கின்றன: இரண்டும் ஏ.ஐ.என்-93 என்ற, ஆய்வக எலிகளுக்கான தரப்படுத்திய தீவனச் சூத்திரத்தின் அடிப்படையில் செய்தவை, நார் ஒன்றுதான் வேறு. ஆனால் எனக்கு முன் படித்த ஒருவரின் சோதனையில் கொழுப்பு மிகுந்த குழுவுக்குத் தூய பொருள்களில் செய்த தீவனம் போயிருக்கிறது, ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆய்வகத்தின் சாதாரணத் தானியத் தீவனம். அதில் சோயா இருக்கிறது, நார் பல மடங்கு, ஈஸ்ட்ரோஜன் போன்ற தாவரப் பொருள்களும் இருக்கும். அவர் "கொழுப்பின் விளைவு" என்று எழுதியது எதன் விளைவு? இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் தப்பே இன்னும் ஆறவில்லை.

---

பழைய_நெறியாளர்
சனி, காலை 10.02

முதலில் உன் தாளை வை. அவருடையதைப் பிறகு பார்க்கலாம்.

---

மூன்றாமாண்டு_மாணவி
(ஐந்து மாதங்களுக்குப் பிறகு) ஞாயிறு, இரவு 8.30

இழையை மேலே கொண்டுவருகிறேன். பலர் தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

தாளை வைத்தேன். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். 18.2இலிருந்து 17.2ஐப் பென்சிலால் கழித்தார். பிறகு, "சுவரொட்டியில் என் பெயரும் இருக்கிறது" என்றார். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் அழைத்து, சிறிய அளவில் திரும்பச் செய்ய அனுமதி தந்தார். கட்டுரையை நிறுத்திவிட்டோம்.

இம்முறை கூண்டுக்கு இரண்டு எலி. பட்டினி பகலில் ஐந்து மணி நேரம் மட்டும், ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியே கடிகாரம் வைத்து, புதுப் படுக்கைத் தூளோடு. இனுலின் கூண்டு ஒன்று, செல்லுலோஸ் கூண்டு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தேன். எது எந்தக் குழு என்று எனக்குத் தெரியாதபடி பக்கத்து மேசை அக்கா எண் ஒட்டினார். அவருக்கு இதற்காக நான் எத்தனை முறை காபி வாங்கிக் கொடுத்தேன் என்பது தனிக் கணக்கு.

ஜிஏபிடிஎச் இந்த முறை அசையவில்லை. ஃபாஸ்ன் இனுலின் குழுவில் சற்றே இறங்கியிருக்கிறது, ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இறங்கியது என்று எழுத என் கை வரவில்லை.

ஒன்று மட்டும் எண் பிரிக்காமலே தெரிந்தது. வயிற்றைத் திறந்ததும் சில எலிகளில் குருட்டுக்குடல் உப்பிப் பருத்துப் பை போல் கிடந்தது, சிலவற்றில் வற்றிச் சிறுத்து. தராசில் வைத்து எழுதிக்கொண்டே போனேன். அன்று மாலை எண்களைப் பிரித்தபோது பருத்தவை எல்லாம் இனுலின். நொதிக்கும் நாருக்குக் குருட்டுக்குடல் பெருக்கும் என்பது பழைய செய்திதான், என் முதுகலைப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் போன முறை கல்லீரல் எடுக்கும் அவசரத்தில் 20 எலியிலும் அதைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பைக்குள் இருந்ததை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். அதிலுள்ள, நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை அளக்கப் போகிறோம். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் கல்லீரலிலிருந்து குடலுக்கு மாறிவிட்டது.

முன்பு படித்தவரின் தீவன விஷயத்தையும் நெறியாளரிடம் சொன்னேன். "அதுவுமா?" என்றார். இன்னும் பதில் வரவில்லை.

---

ஐந்தாண்டு_முடித்தவன்
ஞாயிறு, இரவு 9.12

பென்சிலால் கழித்தாரா? என் நெறியாளர் தாளை வாங்கிக்கூட இருக்கமாட்டார். நீங்கள் நன்றாக இருங்கள். தரக்கட்டுப்பாட்டு வேலை எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

---

களப்பணி_அக்கா
ஞாயிறு, இரவு 9.30

எலி எவ்வளவு தின்றது என்று தினமும் எடை போட்டாயா? சிந்தியதைக் கழித்து?

---

மூன்றாமாண்டு_மாணவி
ஞாயிறு, இரவு 9.41

போட்டேன் அக்கா. தூளைச் சல்லடையில் சலித்து, சிந்திய தீவனத்தைத் தனியே பொறுக்கி எடை போட்டேன். மற்றவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். கரண்டி குவித்ததா தலைதட்டியதா என்று கேட்டவளுக்கு இது பெரிய வேலையா?

---

புள்ளிவிவரக்_கிறுக்கன்
ஞாயிறு, இரவு 10.05

எத்தனை கூண்டு?

---

மூன்றாமாண்டு_மாணவி
ஞாயிறு, இரவு 10.07

எட்டு. குழுவுக்கு நான்கு. போதாது என்று சொல்லப்போகிறீர்கள்.

---

புள்ளிவிவரக்_கிறுக்கன்
ஞாயிறு, இரவு 10.08

போதாது. ஆனால் குருட்டுக்குடல் எடைகளை அனுப்புங்கள், பார்க்கிறேன்.